கருவூர்த் தேவரும் பொன்செய் விஞ்சையும்

ஒன்பதாந் திருமுறையாகிய திருவிசைப்பா திருப்பல்லாண்டினை அருளிச்செய்த பெரியோர் ஒன்பதின்மர். அவருள் மிகுதியான பதிகங்களைப் பாடியவர் கருவூர்த் தேவர். தில்லைக் கோயில், களந்தை ஆதித்தேச்சரம், கீழ்க்கோட்டூர் மணியம்பலம், முகத்தலை, திரைலோக்கிய சுந்தரம், கங்கைகொண்ட சோளேச்சரம், திருப்பூவணம், சாட்டியக்குடி, தஞ்சை இராசராசேச்சரம், திருவிடைமருதூர் என்னும் பத்துப் பதிகளுக்கும் இவர் பாடிய பதிகம் ஒவ்வொன்று உண்டு. ஆயினும், கொங்குநாட்டுச் சிற்றூர்களில் இவர் பெயரைக் கூறின், கேட்போர்க்கு முதற்கண் நினைவில் எழுவது திருவிசைப்பா அன்று; செம்பைப் பொன்னாக்கும் இரசவாதமே. வாத காவியம் முதலிய சில நூல்களும் கருவூரார் பெயரால் வழங்குகின்றன.

இதுபற்றி அன்பர் சிலர், திருமுறை பாடிய தேவர் வேறு, வாதநூல் செய்த சித்தர் வேறு எனப் பிரித்துக்கொண்டு அமைவர். வாதநூல்களின் நடை பிற்காலத்ததாதலின், நூல்களைப் பற்றிய அளவில் அவர் கூற்று பொருந்துவதே. ஆனால், நூல் பிற்காலத்தது என்பதனால் வழக்கும் வெறும் பொய் என்று ஒதுக்கிவிடுதல் அறிவுடைமை ஆகாது. பண்ணோடு பாடிய அடியார் ஒருவர்மேல் பொன்செய் விஞ்சையை ஏற்றிக் கூறிய நம் முன்னோர் அதனால் உணர்த்தக் கருதியது யாது? அதனை ஆராய்ந்து கொண்டே தேவரது வரலாற்றையும் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

நாடும் குருமரபும்

சேலத்துக்கு மேற்பால் உள்ளது கஞ்சமலை. அதன் அடிவாரத்தில் சித்தர்கோயில் விளங்குகின்றது. ஆண்டு இருந்தவர் காலாங்கிநாதர் என்பர். காலாங்கியின் மாணாக்கர் போகர். போகரின் மாணாக்கர் கருவூரார். காலாங்கிக்கும் முன்னே திருமூலரை வைத்து எண்ணுதல் சித்தர் மரபு. கஞ்சம் என்னும் சொல்லுக்குப் பொன் என அவ்வூரார் பொருள் கூறுவர். மலை ஈவதோ இரும்புக் கனியமே. பொன்னை விழைந்து சென்றார்க்கு இரும்பைக் காட்டும் அம்மலையும் ஓர் ஆசிரியனே போலும்.

அம்மலையைப் பற்றி வழங்கும் கதை ஒன்று உண்டு. மாணாக்கர் சோறு சமைக்கும்போது அருகில் கிடந்த செடியின் கொம்பு ஒன்றால் கிளற, சோறு கருநிறம் ஆயிற்று. குருநாதர் சினப்பாரென அஞ்சி அதனைத் தாமே உண்டார். உண்ட அளவில் முதுமை நீங்கி இளைஞரானார். இது தேகவேதை எனப்படும். உலோகத்தை வேதித்துப் பொன்னாக்குவது லோகவேதை. இரசநூலார் இவ்விரண்டையும் ஒருங்கே கூறுவர். 14-ஆம் நூற்றாண்டில் மாதவாசாரியர் இயற்றிய சர்வதரிசன சங்கிரகத்தில் இரசேசுவர தரிசனம் என இது தனிச் சமயமாகவே வைக்கப்பெற்றுள்ளது. உடலை அழியாது நிறுத்திச் சீவன்முத்தி எய்துதலே அச்சமயத்தார் கொள்கை. உடல் மாயையின் காரியம். தோன்றியது அழியும் என்பது நம் சித்தாந்தம். இவ்வேறுபாட்டினை நெஞ்சிற் கொள்க.

கஞ்சமலையினின்றும் தெற்கு நோக்கின் திருச்செங்கோடு தோன்றும். திருஞானசம்பந்தர் பாடிய கொடிமாடச் செங்குன்றூர் அதுவே. அங்குள்ள மாதொருபாகர் திருமேனி சித்தர்கள் பாடாணங்களைக் கட்டி அமைத்தது என்பது வழக்கு. நாமக்கல்லுக்குக் கிழக்கே அறப்பளீசுவரர் எழுந்தருளிய கொல்லிமலையும் மூலிகைக்கும் சித்தர்க்கும் பேர்பெற்றது. இச்சமவெளியைக் கடந்து காவிரியின் தென்கரையை அடைந்தால், ஆன்பொருநைக் கரையில் கருவூர் உள்ளது. எறிபத்த நாயனாரும் புகழ்ச்சோழ நாயனாரும் தொண்டாற்றிய அப்பதியே நம் தேவர் தோன்றிய ஊர்.

தோற்றமும் காலமும்

தேவர் அந்தணர் குலத்தில் தோன்றினார் என்பர் ஒரு சாரார். விக்கிரகம் வார்க்கும் குடியினர் என்பர் மற்றொரு சாரார். எக்குடியினராயினும் ஆனிலையப்பர் திருவடியே குடியாகக் கொண்டவர் என்பது அவர் பாடல்களால் தெளிவாம். காலத்தைத் துணிதற்கு அவர் பதிகங்களே சான்று. தஞ்சை இராசராசேச்சரத்தை எடுத்தவன் 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசன். கங்கைகொண்ட சோளேச்சரத்தை எடுத்தவன் அவன் மகன் முதலாம் இராசேந்திரன். இரண்டையும் பாடினமையின், தேவர் பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்தவர் என்பது போதரும்.

பொற்சபாபதி வரலாறு

இனி, வாதத்தொடு தொடர்புடைய கதையைக் கூறுவோம். இரணியவர்மன் என்னும் அரசன் தில்லைக் கூத்தன் திருவுருவைக் கலப்பற்ற பசும்பொன்னால் வார்க்க விரும்பிச் சிற்பியரைப் பணித்தான். வார்க்குந்தோறும் உருவம் அமையாது குலைந்தது. குறித்த நாள் அணுகவே சிற்பியர் உயிர்க்கு அஞ்சி நடுங்கினர். அப்போது போகர் தம் மாணாக்கராகிய கருவூராரை விடுத்தார். அவர் தனித்திருந்து, பொன்னுடன் சிறிதளவு செம்பைச் சேர்த்து, குறைவிலாத் திருவுருவை ஒரு நாழிகையில் வார்த்து முடித்தார். அரசன் மகிழ்ந்தான். பின்னர்ச் செம்பின் கலப்பு உண்டென அறிந்து வெகுண்டு கருவூராரைச் சிறையிலிட்டான். போகர் விரைந்து வந்தார். தூய பொன்னாற் சமைந்த உருவின் ஒளி காண்போர் கண்ணைக் கெடுக்கும், ஆதலின் செம்பு சேர்த்தல் வேண்டிற்று என்று காரணம் உரைத்தார். பின், துலையின் ஒரு தட்டில் உருவையும் மறுதட்டில் தாம் கொணர்ந்த பொன்னையும் இட்டு, பொன் வேண்டின் பொன்னை எடுத்துக்கொண்டு உருவைத் தந்துவிடுக என்றார். அரசன் நாணிப் பிழை பொறுக்குமாறு வேண்டி, கருவூராரைச் சிறைவீடு செய்தான்.

இக்கதையின் காலம் வரலாற்றொடு இசையாது. பொருளோ மிக ஆழ்ந்தது. வாதி எனப் பேர்பெற்றவர் செம்பைப் பொன்னாக்கியதாக இக்கதை கூறவில்லை. பொன்னோடு செம்பைச் சேர்த்ததாகவே கூறுகின்றது. இதனால் இறைவன் திருமேனியில் மாயையின் கலப்பு உண்டு எனக் கொள்ளற்க. அவன் திருமேனி அருளே என்பது நம் துணிபு. செம்பு வேண்டியது காணப்படும் பொருளின் பொருட்டு அன்று, காணும் கண்ணின் பொருட்டு. மலம் பரிபாகம் அடையாத உயிர் பேரொளியைத் தாங்காது. அதனாலன்றோ இறைவன் தன்னை மறைத்து நின்று, உயிரைப் படிப்படியே பக்குவப்படுத்துகின்றான்! மறைத்தலும் அருளின் தொழிலே என்று சாத்திரம் கூறுவதனை ஓர் உலைக்களத்தில் வைத்துக் காட்டியது இக்கதை. பொன்னின் மாற்றை மட்டும் நோக்கிய அரசன் கூத்தனை நோக்கினானில்லை. அவனைத் தெருட்டவே துலாக்கோல் வந்தது.

தலயாத்திரை

தஞ்சைப் பெருங்கோயிலில் ஆவுடையாரொடு இலிங்கத்தைப் பொருத்த இட்ட மருந்து இறுகாது இளகிற்றாக, கருவூரார் வந்து தம் வாய்த் தம்பலத்தை உமிழ்ந்து அதனை இறுகச் செய்தார் என்பர். அட்டபந்தன மருந்தின் எட்டுப் பொருள்களாவன கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்பன. இவற்றுள் சாதிலிங்கம் இரசமும் கந்தகமும் கூடிய பொருள். ஓடும் இயல்பினதாகிய இரசத்தைக் கட்டுதலே வாதிகளின் பெருமுயற்சி. இக்கதையில் அக்கட்டு பொன்னைப் பெருக்குதற்கு உதவவில்லை. பெருமானை நிலைபெறுத்துதற்கு உதவியது.

அக்கோயிற் கல்வெட்டிலும் செம்பும் பொன்னும் வருகின்றன. இராசராசன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், அதாவது 1010-ல், விமானத்தின் உச்சியில் வைக்க 3,083 பல நிறையுள்ள செப்புக்குடமும், அதன்மேல் வேய 2,926½ கழஞ்சு பொன்னும் அளித்தான். அகத்தே செம்பு, புறத்தே பொன். கோயிற் குடத்துக்கு அது சாலும். அரசன் அன்பும் போற்றத்தக்கதே. உயிர்க்கு அது சாலாது. நீறும் கண்டிகையும் பூண்டு, நூல் பல ஓதி, உள்ளே களிம்பு அறாதிருத்தல் பொன் வேய்ந்த செம்பாவதேயன்றிப் பொன்னாதல் ஆகாது. இது பிறரைக் குறித்துக் கூறியது அன்று. எழுதும் எம்மையும் படிக்கும் அன்பரையும் உளப்படுத்தியே கூறினோம்.

பின்னர்த் தேவர் திருநெல்வேலி சென்று நெல்லையப்பரை அழைத்தனர் என்றும், மறுமொழி எழாமையின் முனிந்து அவ்விடம் எருக்கு முளைக்க எனச் சபித்து நீங்கினர் என்றும், இறைவன் அவர் பின்னே மானூருக்கு எழுந்தருளிக் காட்சி தந்தனன் என்றும் கூறுவர். ஆவணி மூலத் திருவிழாவில் நெல்லையப்பர் மானூருக்கு எழுந்தருளுதல் இதனைக் குறித்ததே. அட்டசித்தியும் உடையாரென மதிக்கப்பட்டவர்க்கும் இறைவன் தானே இரங்கி வந்தாலன்றிக் காட்சி இல்லை என்பதே இதன் உட்கிடை.

பூவணமும் இரதகுளிகையும்

தேவர் பாடிய திருப்பூவணம் இரசவாதத்துக்கு இறைவன் தானே உரிமை பூண்ட தலம். பொன்னனையாள் என்னும் அடியாள் இறைவன் திருவுருவைப் பொன்னால் அமைக்க விரும்பிப் பொருளின்றி வருந்த, மதுரைச் சொக்கன் சித்தராய் வந்து அவள் வீட்டுக் கலங்களைப் பொன்னாக்கினான். இதனைப் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் 36-ஆம் படலமாகப் பாடினார். ஈண்டும் பொன் பிறந்தது இறைவன் திருவுருவாதற்கே.

தொட்டதைப் பொன்னாக்கும் பரிசனவேதியைக் குருவின் தீண்டலுக்கு உவமை கூறினார் திருமூலர். இவ்வுவமையை எங்கே நிறுத்தல் வேண்டும் என்று வரையறுத்தவர் 13-ஆம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியர். செம்பு இரதகுளிகையால் களிம்பு நீங்கிப் பொன்னாய்ப் பொன்னொடு கலத்தல் போல, மலம் நீங்கிய உயிர் சிவத்தொடு கலந்து சிவமேயாம் என்பாரை அவர் சிவஞான சித்தியாரில் மறுக்கின்றார். அரனுக்கு உவமை பொன் அன்று, குளிகையே. குளிகை களிம்பை அறுக்கும், தான் பொன்னாகாது. அதுபோல இறைவன் மலத்தை நீக்கி உயிரைத் தன் திருவடிக்கீழ் வைப்பான். ஐந்தொழில் அவனுக்கே உரியது. சிவானுபவம் ஒன்றே உயிர்க்கு உரியது. வாதிகளின் உலையிலிருந்து எடுத்த ஒரு சிறு குளிகையால் ஆசிரியர் ஏகான்மவாதத்தை விலக்கிய திறம் வியக்கத்தக்கது.

இவ்வுட்பொருளை விடுத்து வெறும் பொன்னை நாடியவர் கெட்டனர். அளவிறந்த செல்வம் படைத்தாரும் இரசவாதத்துக்கு அலைவதனைத் தாயுமானவர் ஆசையின் எல்லையின்மைக்குச் சான்றாக வைத்தார். சித்தர் கணத்தைப் போற்றிப் பாடியவரும் அவரே. 1941-ல் அமெரிக்க நாட்டுப் பௌதிக நூலார் இரசத்தின் அணுவைச் சிதைத்துப் பொன்னணுக்களை உண்டாக்கினர். அவை நிலைபெறாது அழிந்தன.

இசையாகிய குளிகை

தேவர் பதிகங்களுட் பெரும்பாலன பஞ்சமப் பண்ணின. ஏனையன புறநீர்மை, காந்தாரம் என்னும் பண்களின. மேனாட்டிலும் மிகாயேல் மாயர் என்னும் செருமானிய மருத்துவர், 1617-ல் வெளியிட்ட நூல் ஒன்றில், வாதத்தின் பொருளை 50 சித்திரங்களாலும் 50 இசைப்பாடல்களாலும் விளக்கினார். ஓடும் குரல் ஒன்று, துரத்தும் குரல் ஒன்று, இடையே விழும் பொற்கனியாகிய குரல் ஒன்று என மூன்று குரலில் அவை அமைந்தன. அவர் இசைகொண்டு வாதத்தை விளக்கினார். நம் தேவர்பால் நிகழ்ந்தது அதன் மறுதலை. இசையே ஈண்டு வாதமாயிற்று. புலன்வழி ஓடும் நெஞ்சம் ஓடும் இரசத்தை ஒக்கும். பண்ணொடு பாடுங்கால் அது கட்டுண்டு ஒருபொருளில் நிற்கின்றது. நின்ற நெஞ்சில் அருள் பதிகின்றது. செம்பைப் பொன்னாக்கியவர் இவர் என்று மக்கள் கூறியது, இவர் பாட்டைக் கேட்டுத் தம் நெஞ்சு மாறியதனைக் கூறியதே என யாம் கருதுகின்றோம்.

இறுதியில் தேவர் கருவூரையே அடைந்தனர். அங்குப் பொறாதார் சிலர் அவர்மேல் பழி சுமத்தித் துன்புறுத்த, ஆனிலையப்பர் சந்நிதியுட் புகுந்து இலிங்கத்தைத் தழுவி ஒன்றினர் என்பது வரலாறு. அக்கோயிலிலும் தஞ்சைப் பெருங்கோயிலிலும் அவர்க்குச் சந்நிதி உண்டு. இரசவாதத்தால் அவர் ஈட்டிய பொன் ஒரு குன்றிமணியும் எஞ்சவில்லை. பத்துப் பதிகங்கள் ஆயிரம் ஆண்டு கடந்தும் எஞ்சின. திருமடங்களிலும் திருக்கோயில்களிலும் அவற்றைப் பொருள் மட்டும் உரைத்து அமையாது, உரிய பண்ணோடு ஓதுவித்தல் சைவ நன்மக்கள் கடன். அவ்வோசை கேட்கும் உயிர்களின் களிம்பை அருட்குளிகை அறுப்பதாக.

திருச்சிற்றம்பலம்.