பிரமிட்டைக் கண்ணால் கண்டு எழுதிய அப்துல் லதீப் அல்-பக்தாதி

எகிப்தின் பழைமையை உலகறியச் செய்தவர்கள் யார் என்று கேட்டால், 1798இல் நெப்போலியனின் படையோடு சென்ற பிரெஞ்சு அறிஞர்களையும், 1822இல் சித்திர எழுத்தின் புதிரை அவிழ்த்த ஷாம்போலியனையும், 1922இல் தூதன்காமூன் மன்னனின் கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டரையும் நாம் சொல்லுவோம். ஆனால் ஷாம்போலியன் பிறப்பதற்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே அந்த நாட்டின் பிரமிட்டுகளையும் சிலைகளையும் பாழடைந்த நகரங்களையும் நேரிற் சென்று பார்த்து, அளந்து, எழுதி வைத்த ஒருவர் இருந்தார். அவரே அப்துல் லதீப் அல்-பக்தாதி.

அவர் 1162ஆம் ஆண்டு (ஹிஜ்ரி 557) பக்தாதில் பிறந்தார். தந்தை யூஸுப் கல்விமான். விளையாட்டு என்பதையே அறியாத பிள்ளையாக, ஹதீஸ் மஜ்லிஸ்களில் உட்கார்ந்து கேட்பதிலேயே அவருடைய சிறுவயது கழிந்தது. அல்-குர்ஆனை மனனம் செய்தார். இலக்கணத்தில் பேர்பெற்ற கமாலுத்தீன் அல்-அன்பாரியிடம் சென்றபோது பாடம் ஒன்றும் புரியவில்லை. ஆகவே அந்த ஆசிரியர் அவரைத் தம் மாணவரான அல்-வஜீஹ் அல்-வாஸிதீயிடம் ஒப்படைத்தார். அல்-வஜீஹ் கண்பார்வை அற்றவர். பகல் முழுதும் அவரோடு பள்ளிவாசலிலும் வழியிலும் வீட்டிலும் பாடத்தை மீட்டி மீட்டிப் படித்து, சிறிது காலத்தில் அப்துல் லதீப் அவரையே முந்திவிட்டார். பின்னர் மெய்யியலும் வைத்தியமும் அவரை ஈர்த்தன. இளமையில் இரும்பையும் ஈயத்தையும் பொன்னாக்கலாம் என்று சொன்ன இரசவாத நூல்களிலும் மூழ்கினார். அது வீண் என்று தெளிந்த பிறகு வாழ்நாள் முழுதும் அதைக் கண்டித்தே எழுதினார்.

பக்தாதில் தம் தாகத்தைத் தீர்க்கும் ஆசிரியர் இனி இல்லை என்று கண்டதும், 1189இல், 27ஆவது வயதில், ஊரை விட்டுப் புறப்பட்டார். மோஸுலில் ஓராண்டு கற்பித்தார். டமஸ்கஸ் சென்றார். அங்கிருந்து, அக்கா நகரின் முன்னே சிலுவை வீரர்களோடு போரிட்டுக்கொண்டிருந்த சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபியின் பாசறைக்குப் போனார். சுல்தானின் அமைச்சர் அல்-காழி அல்-பாழில் கொடுத்த கடிதத்தோடு எகிப்துக்குச் சென்றார். கெய்ரோவில் அவர் காண விரும்பியவர்களுள் ஒருவர் யூத வைத்தியரும் அறிஞருமான மூஸா பின் மைமூன். அறிவு எவரிடம் இருந்தாலும் அவரிடம் போய்க் கேட்பது, கேட்ட பின்பு அதைத் தாமே நிறுத்துப் பார்ப்பது என்பது அவர் வழக்கம்.

போர்நிறுத்தம் ஏற்பட்டதும் ஜெரூசலத்தில் ஸலாஹுத்தீனைச் சந்தித்தார். நகரின் மதிலையும் அகழியையும் கட்டுவதில் முனைந்திருந்த சுல்தான், தாமே கற்களைத் தோளிற் சுமந்ததை அவர் குறித்திருக்கிறார். சுல்தான் மாதம் 30 தீனார் உதவிப் பணம் ஒதுக்கினார். சுல்தானின் பிள்ளைகள் சேர்த்துக் கொடுத்ததோடு அது 100 தீனார் ஆயிற்று. 1193இல் ஸலாஹுத்தீன் மறைந்த பின், அவருடைய மகன் அல்-மலிக் அல்-அஸீஸ் உஸ்மானோடு அப்துல் லதீப் மீண்டும் கெய்ரோ வந்தார். காலையில் அல்-அஸ்ஹரில் பாடம். நண்பகலில் வைத்தியம் படிப்பவர்களுக்குப் பாடம். மாலையில் மறுபடியும் அல்-அஸ்ஹர். இரவில் தம் சொந்தப் படிப்பு. இவற்றுக்கிடையே கிடைத்த நாட்களில் அவர் பழைய எகிப்தைத் தேடிப் போனார்.

கீஸாவிலுள்ள பெரிய பிரமிட்டின் உள்ளே ஒரு கூட்டத்தாரோடு நுழைந்தார். குறுகிய வழி, இருட்டு, வௌவால்களின் நாற்றம். மூன்றில் இரண்டு பங்கு தூரம் ஏறியதும் அச்சத்தால் மயங்கிக் குற்றுயிராகத் திரும்பி வந்தார். இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். பிறர் பலர் போகாத இடத்துக்கும் போனதாகக் கதை சொல்லும் காலத்தில், போன தூரத்தை மட்டுமே சொன்னவர் அவர். பிரமிட்டின் கற்கள் மயிரிழையும் நுழையாதபடி பொருத்தப்பட்டிருந்ததை வியந்தார். அக்காலத்தில் பிரமிட்டுகளின் வெளிப்புறக் கற்கள் பெரும்பாலும் உதிராமல் இருந்தன. அவற்றின்மேல் யாரும் வாசிக்க அறியாத எழுத்துகள் நிறைந்திருந்தன. இரண்டு பிரமிட்டுகளின் மேலுள்ளவற்றை மட்டும் பிரதி செய்தாலே பத்தாயிரம் பக்கங்கள் வரும் என்று அவர் மதிப்பிட்டார். பிற்காலத்தில் அந்த வெளிக்கற்கள் கட்டடங்களுக்காகப் பெயர்க்கப்பட்டன. இன்று அந்த எழுத்துகளை அவற்றில் காண முடியாது.

அருகில், தலையும் கழுத்தும் மட்டும் மணலுக்கு வெளியே தெரிந்த ஸ்பிங்ஸ் சிலையையும் பார்த்தார். அரபியில் அதன் பெயர் அபுல் ஹவ்ல். எகிப்தில் கண்டவற்றுள் எது பெரிய அதிசயம் என்று ஓர் அறிஞர் கேட்டபோது, பிரமிட்டின் உயரத்தை அவர் சொல்லவில்லை. ஸ்பிங்ஸ் முகத்தின் அளவு ஒழுங்கையே சொன்னார். குழந்தையின் மூக்கு குழந்தையின் முகத்துக்கு அழகு. அதையே பெரியவர் முகத்தில் வைத்தால் குறை. அவ்வளவு பெரிய கல்லில் கண்ணும் மூக்கும் காதும் ஒன்றுக்கொன்று இயைய வேண்டிய விகிதத்தை அந்தச் சிற்பி எப்படிக் காத்தான் என்பதே அவருடைய வியப்பு. அது உடற்கூறு படித்த வைத்தியரின் பார்வை.

பழைய தலைநகரான மெம்பிஸின் இடிபாடுகளிடையேயும் அவர் நடந்தார். அங்கேதான் அவர் மனம் நொந்தது. புதையல் தேடுவோர் சிலைகளைப் பிளந்தார்கள். மலையில் ஒரு வெடிப்பைக் கண்டால் அது புதையலுக்கு வழி என்றார்கள். பெரிய சிலையைக் கண்டால் அது பொன்னைக் காக்கும் காவல் என்று உடைத்தார்கள். மம்மிகளைச் சுற்றியிருந்த துணியை உரிந்து ஆடையாக உடுத்தவர்களும், மளிகைக்காரருக்குப் பொட்டலத் தாள் செய்வதற்காக விற்றவர்களும் இருந்தார்கள். பொன்னாசையால் இரசவாதத்தில் வீணாகும் மனிதரை அறிந்திருந்த அவருக்கு இந்தப் பித்தும் புதிதல்ல.

எல்லாவற்றிலும் பெரிய அழிவு அரசனாலேயே வந்தது. சிலருடைய துர்ப்போதனையைக் கேட்டு, 1196ஆம் ஆண்டளவில் அல்-மலிக் அல்-அஸீஸ் பிரமிட்டுகளை இடிக்கக் கட்டளையிட்டார். மூன்றில் சிறியதான, சிவந்த கருங்கல் பதித்த மென்கௌரே மன்னனின் பிரமிட்டில் வேலை தொடங்கியது. கல்லுடைப்போரும் சுரங்கம் அறுப்போரும் பக்கத்திலேயே கூடாரமடித்தார்கள். மேலே நின்றவர்கள் ஆப்பும் நெம்புகோலும் கொண்டு தள்ள, கீழே நின்றவர்கள் வடத்தால் இழுத்தார்கள். பெருமுழக்கத்தோடு விழுந்த கல் மணலிற் புதைந்தது. அதைத் தோண்டி எடுத்து, துண்டுகளாக உடைத்து, வண்டியில் ஏற்றி அப்பாற் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு கல், மிஞ்சினால் இரண்டு. எட்டு மாதம் கழிந்தது. பணமும் பலமும் தீர்ந்தன. வேலையைக் கைவிட்டுப் போனார்கள்.

அப்துல் லதீப் அங்கே நின்று பார்த்தார். கீழே குவிந்த கல்லைப் பார்த்தால் பிரமிட் முழுவதும் தகர்ந்துவிட்டது போலிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஒரு பக்கத்தில் ஒரு கீறல் மட்டுமே தெரிந்தது. கல்லுடைப்போரின் தலைவனிடம், ஆயிரம் தீனார் தந்தால் ஒரே ஒரு கல்லை மீண்டும் அதன் இடத்தில் வைப்பீர்களா என்று கேட்டார். அதைப் போற் பல மடங்கு தந்தாலும் முடியாது என்று அவன் சத்தியம் செய்தான். அரசனின் உதவிப் பணத்தில் வாழ்ந்த ஒருவர், அந்த அரசனின் செயலைப் பயனற்றது என்று எழுதுவதற்குத் துணிவு வேண்டும். அவர் எழுதினார். முன்னைய அரசர்கள் இத்தகைய சின்னங்களைக் காத்ததன் காரணங்களையும் வரிசைப்படுத்தினார். அவை காலத்தைக் கணக்கிட உதவும். வேதங்களில் வரும் பழைய சமூகங்களின் செய்திக்குச் சான்றாக நிற்கும். முன்னோரின் அறிவையும் வாழ்வையும் நமக்குக் காட்டும். தொல்பொருட் பாதுகாப்பு என்ற சொல்லே பிறக்காத காலத்தில் சொன்ன காரணங்கள் இவை.

1200ஆம் ஆண்டு நைல் நதி பொய்த்தது. நாட்டின் விளைச்சலுக்கு 16 முழம் உயர வேண்டிய வெள்ளம் 13 முழத்தைக்கூட எட்டவில்லை. கொடிய பஞ்சமும் தொடர்ந்து கொள்ளைநோயும் வந்தன. 1202இல் பூமியதிர்ச்சியும் சேர்ந்தது. ஊர்கள் வெறுமையாயின. அப்துல் லதீப் ஓடிப் போகவில்லை. கண்டதை நாள்தோறும் குறித்தார். கெய்ரோவின் அருகே அல்-மக்ஸ் என்ற இடத்தில் இறந்தோரின் எலும்புகள் மேடாகக் குவிந்து கிடப்பதை அறிந்து, மாணவர்களோடு அங்கே சென்றார். மனிதரின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகள் சேர்ந்தது என்று யவன மருத்துவர் கேலன் எழுதியிருந்தார். ஆயிரம் ஆண்டுகளாக எல்லாரும் அப்படியே படித்தார்கள். இவர் 2000க்கும் மேற்பட்ட மண்டையோடுகளைப் பார்த்தார். பிறரையும் பார்க்கச் செய்தார். பழைய எகிப்தியர் கல்லறைகளிலுள்ள எலும்புகளையும் சோதித்தார். எங்கும் பொருத்து இல்லை. கீழ்த்தாடை ஒரே எலும்பு. கேலன் மீது அவருக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும் கண் காட்டும் சான்று நூலைவிட உறுதியானது என்று அவர் முடிவு செய்தார். அவர் சொன்னதே சரி.

இவற்றையெல்லாம் ஒரு சிறு நூலாக எழுதி முடித்தார். அதன் பெயர் அல்-இஃபாதா வல்-இஃதிபார். பயன் தருதலும் படிப்பினை பெறுதலும் என்பது அதன் பொருள். பூமியில் பயணித்து முன்சென்ற சமூகங்களின் முடிவைப் பாருங்கள் என்ற அல்-குர்ஆனின் அழைப்போடு வளர்ந்த ஒருவர் தம் பயண நூலுக்கு இப்பெயர் வைத்தது இயல்பே. பின்னர் டமஸ்கஸ், அலெப்போ, அனதோலியா என்று கற்பித்தும் வைத்தியம் செய்தும் நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதியும் வாழ்ந்தார். 1231இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர், தம் நூல்களைக் கலீபாவுக்கு அளிக்க எண்ணிப் பக்தாத் வழியாக வந்தார். பல்லாண்டுகளுக்குப் பின் பிறந்த ஊரை மிதித்தவர், அங்கேயே நோயுற்று மறைந்தார். தந்தையின் கப்ருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் எழுதியவற்றுட் பெரும்பகுதி தொலைந்துவிட்டது. எகிப்தைப் பற்றிய சிறு நூல் பிழைத்தது. 17ஆம் நூற்றாண்டில் எட்வர்ட் போகொக் என்ற ஆங்கில அறிஞர் அதன் கையெழுத்துப் பிரதியை ஒக்ஸ்போர்டுக்குக் கொண்டு சென்றார். 1800இல் அது லத்தீன் மொழிபெயர்ப்போடு அச்சாயிற்று. 1810இல் சில்வெஸ்டர் டி ஸாஸி பிரெஞ்சில் விரிவான குறிப்புகளோடு வெளியிட்டார். டி ஸாஸியிடம் பாரிஸில் பாடம் கேட்டவர்களுள் ஒருவர்தான் ஷாம்போலியன். அப்துல் லதீப் பத்தாயிரம் பக்கம் என்று மதிப்பிட்டு, வாசிக்க ஒருவரும் இல்லையே என்று விட்டுப்போன எழுத்தை, பன்னிரண்டு ஆண்டுகளின் பின் வாசித்தவரும் அவரே.

மென்கௌரே பிரமிட்டின் வடபக்கத்தில் மேலிருந்து கீழாக ஓடும் அந்தக் காயம் இன்றும் இருக்கிறது. எட்டு மாதம் முயன்ற அரசனின் பெயரைச் சுற்றுலாப் பயணிகள் பலர் அறியார்கள். காயம் எப்படி வந்தது என்பதை உலகம் அறிந்தது, அன்று அங்கே நின்று பார்த்து, கேட்டு, எழுதி வைத்த அவரது பேனாவினால்தான்.