தங்கையைத் தேடித் தங்கம் கண்டவர்

கனடாவின் வடமேற்குக் கோடியிலே, யூக்கோன் பிரதேசத்தில், கார்குறொஸ் என்றொரு சிற்றூர் உண்டு. இரு ஏரிகளை இணைக்கும் ஒடுங்கிய நீர்க்கால், அதன்மேல் ஒரு பாலம், பாலத்தை அண்டி ஒரு புகையிரத நிலையம். கரிபூ மான்கள் கூட்டங்கூட்டமாக அந்த நீர்க்காலைக் கடந்து சென்றமையால் 'கரிபூ குறொசிங்' என்று வழங்கிய பெயரே பின்னர் குறுகி இவ்வாறாயிற்று. ஊருக்கு அருகே சுமார் ஒரு சதுர மைல் பரப்பில் மணல்மேடுகள் கிடக்கின்றன. பனியூழிக்கால ஏரியொன்றின் அடித்தரை அது. உலகின் மிகச் சிறிய பாலைவனம் என்று சொல்லிச் சுற்றுலாப் பயணிகளுக்கு அதனைக் காட்டுகிறார்கள். அதே ஊரின் இடுகாட்டில் அடங்கியிருக்கும் ஒரு மனிதரைப் பற்றியதே இக்கட்டுரை.

ஆங்கிலம் பேசுவோர் அவரை ஸ்கூக்கம் ஜிம் என்றனர். அரச பதிவுகளில் ஜேம்ஸ் மேசன். பெற்றோர் இட்ட பெயர் கீஷ். 1855ஆம் ஆண்டளவில் பெனெற் ஏரிப் பக்கத்தில், டாகிஷ் என்னும் ஆதிக்குடியில், ஓநாய்ப் பிரிவைச் சேர்ந்த தாய் வயிற்றிலே பிறந்தவர். அக்குடியில் குலம் தாய்வழி வருவது. ஓநாய்ப் பிரிவினர் காகப் பிரிவிலேதான் பெண் எடுக்கவும் கொடுக்கவும் வேண்டும். ஆகவே ஒரு பெண்ணுக்கு அவளுடைய சகோதரனும், ஒரு பிள்ளைக்குத் தாய்மாமனும் எத்துணை முக்கியமானவர்கள் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. இந்த உறவுமுறையை மனதிற்கொள்ளாமல் பின்னால் வரும் தங்கக் கதையைப் புரிந்துகொள்ள முடியாது.

அலாஸ்காக் கரையிலிருந்து உள்நாட்டுக்குச் செல்லும் வழி சில்கூட் கணவாய். உயரம் மூவாயிரத்து ஐந்நூறு அடிக்குச் சற்று மேல். கடற்கரைவாசிகளான கிளிங்கிற் மக்கள் அந்த வழியை நெடுங்காலம் தம் வணிகத்துக்கென்றே காத்து வந்தனர். 1880களில் வெள்ளையர் சிறு சிறு குழுக்களாகப் பொன் தேடி வரத் தொடங்கியபோது அவர்களது பொதிகளைக் கூலிக்குச் சுமப்பது அவ்விடத்து ஆதிக்குடிகளின் தொழிலாயிற்று. கீஷ் அத்தொழிலில் பேரெடுத்தவர். ஒரே நடையில் 156 இறாத்தல் பன்றி இறைச்சியைக் கணவாய்க்கு மேலே ஏற்றினார் என்று சொல்லப்படுகிறது. பசிபிக் கரையோரத்தில் அக்காலத்து வணிகக் கலப்புமொழியில் 'ஸ்கூக்கம்' என்றால் வலியவன். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

1887இல் கனடிய அரசின் நில அளவையாளர் வில்லியம் ஒகில்வி அங்கு வந்தபோது, சில்கூட்டுக்கு மாற்றாக வேறொரு கணவாய் உண்டா என்று பார்க்க கப்டன் வில்லியம் மூர் என்பவர் புறப்பட்டார். அவருடன் சென்றவர் ஜிம். இருவரும் கண்டு வந்த கணவாய்க்கு ஒட்டாவாவிலிருந்த உள்நாட்டு அமைச்சர் தோமஸ் வைற்றின் பெயர் சூட்டப்பட்டது. இன்றும் அது வைற் கணவாய்தான். வழி கண்டவனின் பெயர் வரைபடத்தில் ஏறவில்லை.

ஜிம்மின் தங்கை ஷாவ் கிளா. கேற் என்பது அவருக்குப் பின்னர் வந்த பெயர். முதற் கணவனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துத் தாய்வீடு திரும்பியவர். அவருடைய சகோதரியொருத்தி கலிபோர்ணியாவில் பிறந்த ஜோர்ஜ் கார்மக் என்பவரை மணந்து இறந்துபோக, மனைவியை இழந்தவனுக்கு அவளுடைய சகோதரியையே கட்டிவைக்கும் வழக்கப்படி கேற்றை அவருக்குக் கொடுத்தார்கள். (நம்மூர்களிலும் இவ்வழக்கம் இருந்ததுதானே.) கார்மக், வெள்ளைக்காரராயினும் டாகிஷ் மொழி பேசி, மனைவியின் உறவினரோடு ஒட்டி வாழ்ந்தவர். அதனாலேயே ஏனைய வெள்ளையர் அவரை ஏளனம் செய்தனர். கணவனும் மனைவியும் யூக்கோன் நதியோடு வடக்கே போய்விட்டனர். ஆண்டுகள் கடந்தன. தகவல் இல்லை.

1896 கோடையில் ஜிம் தங்கையைத் தேடிப் புறப்பட்டார். உடன் வந்தவர்கள் மருமக்கள் இருவர். ஒருவர் பிற்காலத்தில் டோசன் சார்லி எனப்பட்ட கா கூஹ். மற்றவர் சார்லியின் இளைய சகோதரனான சிறுவன் பற்சி ஹென்டர்சன். நூற்றுக்கணக்கான மைல் ஆற்றுவழி. குளொண்டைக் ஆறு யூக்கோனில் கலக்கும் முகத்தில் கேற்றும் கணவரும் சமன் மீன் பிடித்துக்கொண்டிருக்கக் கண்டனர்.

தங்கவேட்டை பற்றிய நூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டி ஓடிவிடுகின்றன. ஜிம் பொன்னாசையால் வடக்கே போனார் என்றே பலர் எழுதிச் சென்றனர். அவருடைய குடிமக்கள் வாய்வழியாகக் காத்துவந்த வரலாற்றிலோ அவர் போனது காணாமற்போன சகோதரிக்காக. பொன் வழியிலே வந்தது. இந்த இரண்டாவது கதையைப் பிற்காலத்தில் மானிடவியலாளர்கள் முதியோரிடம் கேட்டுப் பதிந்திருக்கிறார்கள்.

அந்த வாய்வழிக் கதையில் ஒரு தவளையும் உண்டு. ஆழக்குழியொன்றில் விழுந்து ஏறமுடியாமல் தவித்த தவளையை ஜிம் காப்பாற்றினாராம். பின்னொருகால் அவருக்கு வயிற்றிலே அடிபட்டுப் புண் ஆறாதிருந்தபோது அத்தவளை வந்து புண்ணை நக்கி ஆற்றியதாம். உறவினர் அதற்குப் பாசிமணி முதலியன காணிக்கையாக வைத்து அனுப்பினராம். பிறகு கனவிலே ஒரு பெண்ணுருவில் தோன்றி ஆற்றோடு கீழே போகும்படி பொற்கோல் ஒன்றாற் சுட்டிக் காட்டிற்றாம். இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் டாகிஷ் மக்கள் ஒரு மனிதனுக்குச் செல்வம் ஏன் வாய்த்தது என்று கேட்டு, அதற்கு அவன் செய்த ஓர் உதவியை விடையாகச் சொன்னார்கள். தங்கவேட்டைக்காரர்கள் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதாகத் தெரியவில்லை.

நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த றொபேட் ஹென்டர்சன் என்னும் பொன்தேடி அப்போது அயலிலே ஓர் ஓடையைத் தோண்டிக்கொண்டிருந்தார். (சிறுவன் பற்சியின் பெயரோடு இவர் பெயர் ஒத்திருப்பது தவிர உறவு ஏதுமில்லை.) கார்மக் அங்கு வரலாம், ஆனால் அவருடைய ஆதிக்குடி உறவினருக்கு அங்கே இடமில்லை என்பதை ஹென்டர்சன் வெளிப்படையாகவே உணர்த்தினார். ஜிம்மும் சார்லியும் புகையிலை கேட்டபோது காசுக்கும் கொடுக்க மறுத்தார். மூவரும் மலைமுகட்டைக் கடந்து திரும்பினர். 1896 ஓகஸ்ட் 16 அளவில், முயல் ஓடை எனப்பட்ட ஒரு சிற்றோடையில் தங்கம் அகப்பட்டது. இங்கொன்று கண்டால் ஆளனுப்பிச் சொல்லும்படி ஹென்டர்சன் கேட்டிருந்தார். யாரும் போகவில்லை. ஒரு மலைக்கு அப்பால் உலகமே திரண்டுகொண்டிருக்க அவர் வாரக்கணக்கில் ஏதும் அறியாமல் தம் ஓடையைத் தோண்டிக்கொண்டிருந்தார். ஒரு பிடி புகையிலை இவ்வளவு விலை போனதாக வரலாற்றில் வேறு உதாரணம் இருக்குமோ என்னவோ.

முதலிற் கண்டவர் யார்? கார்மக், தாமே பாறை விளிம்பில் பெருவிரலளவு கட்டியைக் கண்டதாகக் கடைசிவரை சொன்னார். ஜிம்மும் சார்லியும் சொன்னது வேறு. மூஸ் மான் ஒன்றை வேட்டையாடிய பின் ஓடையருகே சென்ற ஜிம்தான் மணலிடையே பொன்னைப் பார்த்தார், கார்மக் அவ்வேளை உறங்கிக்கொண்டிருந்தார் என்பது அவர்கள் கூற்று. நில அளவையாளர் ஒகில்வி பின்னர் இவர்களை விசாரித்து, ஜிம்மின் பக்கமே சாய்ந்து எழுதினார். இரு கூற்றையும் வைத்துப் பார்க்கையில் எனக்கும் ஒகில்வியின் முடிவே சரியெனப்படுகிறது.

ஆனால் பதிவேடு வேறு விதமாக எழுதப்பட்டது. அன்றைய விதிப்படி முதலிற் கண்டவருக்கு இரண்டு பங்கு நிலம், மற்றவர்க்கு ஒவ்வொன்று. ஒவ்வொரு பங்கும் ஓடை வழியே 500 அடி. ஆதிக்குடி ஒருவனைக் கண்டுபிடித்தவனாகப் பதிய எவரும் ஒப்பமாட்டார்கள் என்று கார்மக் சொல்ல, முதற்பங்கும் அதற்கடுத்த கீழ்ப்பங்கும் அவர் பெயரில் எழுதப்பட்டன. மேற்பங்கு ஜிம்முக்கு, கீழே இரண்டாவது சார்லிக்கு. கார்மக்கும் சார்லியும் ஆற்றோடு போட்டிமைல் குடியிருப்புக்குப் பதியச் சென்றனர். ஜிம் தனியே ஓடையைக் காத்து நின்றார். அங்கே மதுச்சாலையில் துப்பாக்கித் தோட்டாக் கூட்டிலிருந்து கார்மக் பொன்னைக் கொட்டிக் காட்டியதும் ஊர் ஒரே இரவில் காலியாகத் தொடங்கியது. முயல் ஓடை பொனான்சாவாயிற்று. ஓகஸ்ட் முடிவதற்குள் அதன் நீளம் முழுதும் முளையடிக்கப்பட்டுவிட்டது.

வெளியுலகுக்குச் செய்தி எட்ட ஓராண்டு சென்றது. 1897 யூலையில் சன் பிரான்சிஸ்கோவுக்கும் சியாட்டிலுக்கும் பொன் நிறைந்த கப்பல்கள் வந்து சேர்ந்தன. புறப்பட்டவர் ஓரிலட்சம் பேர் வரையில் என்பர். போய்ச் சேர்ந்தவர் அதில் பாதிகூட இல்லை. ஓராண்டுக்கான உணவும் உபகரணமும், ஆளுக்கு ஏறத்தாழ ஒரு தொன், கொண்டுவராதவனைக் குதிரைப் பொலிசார் கணவாய் உச்சியில் திருப்பி அனுப்பினர். ஜிம் காட்டிய வைற் கணவாயில் சுமார் மூவாயிரம் பொதிக்குதிரைகள் மடிந்தன. 1898 ஏப்ரல் 3இல் சில்கூட்டில் பனிச்சரிவு அறுபதுக்கு மேற்பட்டோரைப் புதைத்தது. ஆதிக்குடிச் சுமைகாரர் அன்று மலையேற மறுத்து எச்சரித்திருந்தனர்.

பொன் எடுப்பதும் இலேசான காரியமன்று. நிலம் ஆண்டு முழுவதும் உறைந்து கிடப்பது. மாரியில் விறகெரித்து நிலத்தை இளக்கி, இளகிய மண்ணை வெட்டியெடுத்து, மறுபடி எரித்து, இப்படியே அடிப்பாறை வரை கிணறு இறக்கவேண்டும். குவித்த மண்ணைக் கழுவ வசந்தத்தில் ஓடை உருகும் வரை காத்திருக்க வேண்டும். பங்குக்குப் பங்கு கிணறுகளிலிருந்து எழுந்த புகை அப்பள்ளத்தாக்கையே மூடிற்று.

ஆற்றுமுகத்துச் சதுப்பில் ஜோ லடூ என்னும் வணிகர் நிலம் பிரித்து விற்க, டோசன் நகர் எழுந்தது. 1898இல் சியாட்டிலுக்கு வடக்கே, வின்னிப்பெக்கிற்கு மேற்கே அதைவிடப் பெரிய ஊர் இருக்கவில்லை. மறு ஆண்டே அலாஸ்காவில் நோம் கரையில் பொன் என்று கேட்டு ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினர். இன்று அங்கு வாழ்வோர் சுமார் ஆயிரத்தைந்நூறு பேர். அந்த ஆற்றுமுகத்தில் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்துவந்த ஹான் மக்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனம் வரவில்லை. அவர்களுடைய தலைவர் ஐசக், நெருக்கடியும் மதுவும் நோயும் தம் மக்களை அழித்துவிடுமென அஞ்சி, 1897இல் அவர்களை மூன்று மைல் கீழே மூஸ்ஹைட் என்னுமிடத்துக்குக் கொண்டுபோனார். தம் பாடல்களையும் ஆடல்களையும் அலாஸ்காவிலுள்ள உறவினரிடம் ஒப்படைத்து வைத்தார். ஆபத்து நீங்கும்வரை காப்பாற்றித் தரும்படி. பல பத்தாண்டுகள் கழித்து அவை திரும்பிவந்தன.

ஜிம்மிடம் பணம் வந்தது. 1898இல் உறவினர் எல்லோரும் சியாட்டில் சென்றனர். கேற் விடுதியின் படிக்கட்டுகளில் வழி தவறாதிருக்கக் கோடரியால் அடையாளம் வெட்டினார் என்றும், சாளரத்தால் காசை வீசினார்கள் என்றும் கதைகள் கிளம்பின. இவற்றில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஏளனம் என்று பிரித்தறிவது கடினம். 1900இல் கார்மக் கேற்றைக் கலிபோர்ணியாவில் தம் சகோதரி வீட்டில் விட்டுவிட்டு வேறொரு பெண்ணை மணந்தார். கேற் சட்டப்படி மனைவியென நிறுவ முடியாமல் வெறுங்கையோடு 1901இல் கார்குறொஸ் திரும்பினார். அவருக்கு வீடு கட்டிக் கொடுத்தவர் அண்ணன் ஜிம். முன்பு ஒருமுறை தேடிப்போய்க் கண்ட தங்கையை இம்முறை அவர் வாசலிலேயே ஏற்றுக்கொண்டார்.

அதற்குள் வைற் கணவாய் வழியே புகையிரதப் பாதை வந்துவிட்டது. 1900 யூலை 29இல் கடைசி ஆணி அறையப்பட்ட இடமும் கார்குறொஸ்தான். ஒருகாலத்தில் ஜிம்மும் அவர் உறவினரும் முதுகிலே சுமந்த பொதிகளை இனி இயந்திரம் சுமந்தது. சுமைகூலியால் வாழ்ந்தவர்களின் தொழில் முடிந்தது.

ஜிம் ஊரில் பெரிய வீடொன்று கட்டினார். 1904இல் தம் பங்குகளை 65,000 டொலருக்கு விற்றார். ஆனால் வீட்டில் இருக்கவில்லை. ஆண்டுதோறும் பொதியைத் தோளிலேற்றிக்கொண்டு உள்நாட்டு ஆறுகளின் தலைப்புகளுக்குப் பொன் தேடிப் போய்க்கொண்டேயிருந்தார். இன்னொரு குளொண்டைக் அவருக்குக் கிட்டவில்லை. கரையோரக் கிளிங்கிற் குடியைச் சேர்ந்த மனைவி பிரிந்து சென்றார். மகள் டெய்சி ஒருத்தி. மருமகன் சார்லி 1908இல் கார்குறொஸ் பாலத்திலிருந்து வீழ்ந்து நீரில் மாண்டார். ஜிம் 1916 யூலை 11இல் நோயுற்று இறந்தார். கேற் 1920இல், அக்காலத்துக் காய்ச்சலில்.

கார்மக் 1922இல் வன்கூவரில் இறக்கும்வரை கண்டுபிடித்தவராகவே இருந்தார். ஹென்டர்சனும் இணைக் கண்டுபிடிப்பாளர் என்று ஏற்கப்பட்டு, கனடிய அரசு அவருக்கு மாதம் 200 டொலர் உதவிப்பணம் வழங்கியது. கனடியச் சுரங்கத்துறைப் புகழ்மண்டபத்தில் 1999இல் கார்மக், ஹென்டர்சன், ஜிம், சார்லி நால்வரும் சேர்க்கப்பட்டனர். கேற்றுக்கு அந்த இடம் கிடைக்க 2019 ஆகவேண்டியிருந்தது.

ஜிம் எழுதிய மரணசாசனத்தில் மகளுக்கும் உறவினருக்கும் உரியவை போக எஞ்சியதை யூக்கோன் ஆதிக்குடி மக்களின் நலனுக்கென வைத்திருந்தார். அந்நிதி வளர்ந்து, 1960களின் தொடக்கத்தில் வைற்ஹோசில் அவர் பெயரால் ஒரு மண்டபமாயிற்று. அதிலிருந்து வளர்ந்த நிலையம் அம்மக்களுக்கு இன்றும் தொண்டாற்றுகிறது.

அன்று உடன்போன சிறுவன் பற்சி ஹென்டர்சன் 1966 வரை வாழ்ந்தார். முதுமையில், புகையிரதத்தில் கார்குறொசுக்கு வந்திறங்கும் பயணிகளுக்கு அக்கதையைச் சொல்வது அவரது வழக்கம். பயணிகள் தங்கத்தைப் பற்றிக் கேட்க வந்தவர்கள். அவர் தம் மாமன் தங்கையைக் காணாமல் தேடிப் புறப்பட்டதிலிருந்து தொடங்குவார்.