ஆனந்தத் தேரர் அடைந்த பேறு

சாக்கியர் குலத்துதித்து, பகவானுக்குச் சிற்றப்பன் மைந்தராய், 25 ஆண்டுகள் நிழல்போல் உடனிருந்து ஊழியம் புரிந்தவர் ஆனந்தத் தேரர். மாதர்க்காகப் பரிந்து பேசிச் சங்கத்தின் கதவைத் திறப்பித்த பெருந்தகையும் அவரே.

பகவான் குசிநகரில் பரிநிர்வாணம் அடைந்தபின் (தேரவாத மரபுப்படி கி.மு. 544), மகாகாசியபர் இராஜகிருகத்தில் முதற் சங்கத்தைக் கூட்டினார். தெரிந்தெடுக்கப்பட்ட 500 பிக்ஷுக்களில் 499 பேர் அரஹந்தர்கள். ஆனந்தர் ஒருவரே அந்நிலை எய்தாதவர். போதனைகள் யாவையும் செவியில் ஏந்தியவர் தாம் மட்டும் கரையேறாது நின்றார்! பொழுது விடிந்தால் சபை.

அவ்விரவு முழுதும் உடலின்மேல் நினைவை நிறுத்தி நடந்து நடந்து தியானித்தார். பயனில்லை. பஞ்சாலையில் நூலோடு காலங்கழித்த நாம் இதனை நன்கறிவோம்: இழுப்பு மிகுந்தால் இழை அறும். விடியற்போதில், தம் முயற்சி அளவு மீறியதென உணர்ந்தவர், சற்றே இளைப்பாறக் கருதிப் படுக்கையில் சாய்ந்தார். கால்கள் தரையை விட்டெழுந்தன. தலை இன்னும் தலையணையைத் தொடவில்லை. அவ்விடைவெளியிலே அவருடைய ஆசவங்கள் யாவும் அற்றன என்பது மரபு. நிற்றல், நடத்தல், இருத்தல், கிடத்தல் என்னும் நான்கனுள் எதிலும் அடங்காத நிலையில் அரஹந்தரானவர் என்று அவரைப் போற்றுவர். சோம்பிக் கிடந்தவர்க்கு இது வாய்த்ததென எவரும் கொள்ளற்க. இரவெல்லாம் நடந்த கால்கள் அவை.

காலையில் சபை புகுந்து தமக்குரிய ஆசனத்தில் அமர்ந்தார். உபாலி வினயத்தை ஓதினார். தம்மத்தை ஓதியவர் ஆனந்தர்.