பசி போக்கியவர் கண்ட தோல்வி: ஹெர்பர்ட் ஹூவர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குடியரசுத் தலைவராக இருப்பவர் மீண்டும் போட்டியிடும்போது வெல்வதே பெரும்பான்மை வழக்காகும். பதவியின் மதிப்பும், நாடறிந்த பெயரும், கட்சியின் கட்டுக்கோப்பும் அவருக்குத் துணை நிற்கும். இத்துணைகள் இருந்தும் தோற்றவர் சிலரே. அச்சிலருள் 31ஆம் தலைவரான ஹெர்பர்ட் ஹூவரின் தோல்வி தனித்து நோக்கத்தக்கது. 1928இல் 48 மாநிலங்களுள் 40 மாநிலங்களை வென்ற அவர், 1932இல் ஆறு மாநிலங்களையே பெற்றார். அயல்நாடுகளில் இலட்சக்கணக்கான மக்களின் பசியைப் போக்கிய அப்பெருமகன், தம் நாட்டு மக்களின் பசிக்குக் காரணமானவர் என்று தூற்றப்பட்டுத் தோற்றார். இம்முரண்பாடு எவ்வாறு நேர்ந்தது என்பதை அவர்தம் வாழ்க்கையின் வழி காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் கல்வியும்

ஹூவர் 1874ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள் அயோவா மாநிலத்து வெஸ்ட் பிராஞ்ச் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜெஸ்ஸி கொல்லுத் தொழில் செய்தவர். தாய் ஹுல்டா. இருவரும் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர்கள். எளிமை, உழைப்பு, அடக்கம், அயலார்க்கு உதவுதல் ஆகியவற்றை வலியுறுத்தும் அப்பிரிவின் ஒழுகலாறு ஹூவரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. ஆறாம் வயதில் தந்தையையும் ஒன்பதாம் வயதில் தாயையும் அவர் இழந்தார். உடன்பிறந்த மூவரும் உறவினர் இல்லங்களில் பிரிந்து வாழ நேர்ந்தது. பதினொன்றாம் வயதில் அவர் ஆரெகனில் இருந்த தாய்மாமன் வீட்டிற்கு அனுப்பப்பட்டார்.

1891இல் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் மாணவர் அணியில் ஹூவரும் ஒருவராகச் சேர்ந்தார். சிறுசிறு வேலைகள் செய்து பொருளீட்டிக்கொண்டே படித்து, 1895இல் நிலவியலில் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றவர்க்கு உரிய வேலை கிட்டாமையால், சுரங்கத்தில் தாதுவண்டி தள்ளும் கூலியாளாகவே தம் தொழில் வாழ்வைத் தொடங்கினார். 1897இல் இலண்டன் நிறுவனம் ஒன்று அவரை மேற்கு ஆஸ்திரேலியாவின் பொன் சுரங்கங்களுக்கு அனுப்பியது. 1899இல் தம்மைப் போன்றே ஸ்டான்போர்டில் நிலவியல் பயின்ற லூ ஹென்றியை மணந்து, உடனே சீனாவுக்குச் சென்றார். 1900இல் பாக்ஸர் கிளர்ச்சியின்போது தியென்ட்சின் நகரில் முற்றுகைக்குள் அகப்பட்ட வெளிநாட்டவருள் இவ்விணையரும் இருந்தனர்.

சுரங்கத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய ஹூவர் நூற்புலமையிலும் நாட்டம் உடையவர். 1556இல் வெளிவந்த அக்ரிகோலாவின் இலத்தீன் நூல் ஒன்று சுரங்கவியலின் மூலநூலாகப் போற்றப்படுவது. ஆசிரியர் தொழிற்சொற்கள் பலவற்றைத் தாமே படைத்துக்கொண்டமையால், இலத்தீன் அறிந்தோர்க்கும் அது எளிதில் பொருள் விளங்காதிருந்தது. லூவின் மொழிப் புலமையும் ஹூவரின் தொழிலறிவும் இணைந்து அதனை ஆங்கிலமாக்கின. 1912இல் வெளியான அம்மொழிபெயர்ப்பு இன்றும் மதிக்கப்படுகிறது.

பசி தீர்த்த பணி

1914இல் முதல் உலகப்போர் மூண்டபோது ஹூவர் இலண்டனில் வாழ்ந்துவந்தார். பெல்ஜியம் செருமானியப் படைகளிடம் வீழ்ந்தது. தன் உணவில் பெரும்பகுதியை இறக்குமதி செய்துவந்த அந்நாட்டிற்கு, பிரித்தானியக் கடற்படையின் முற்றுகையால் கப்பல்கள் வரவில்லை. இருபுறத்து அரசுகளிடமும் பேசி, உணவுக் கப்பல்கள் செல்ல ஹூவர் வழி கண்டார். அவர் தலைமையில் அமைந்த பெல்ஜிய நிவாரண ஆணையம், பெல்ஜியத்திலும் வட பிரான்சிலுமாக 90 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு உணவளித்தது. இப்பணிக்கு அவர் ஊதியம் பெறவில்லை.

1917இல் அமெரிக்கா போரில் இறங்கியதும், தலைவர் வில்சன் அவரை உணவுத்துறைக்குப் பொறுப்பாக்கினார். வீடுகளுக்கு உணவுப் பங்கீட்டைக் கட்டாயமாக்காமல், கோதுமையும் இறைச்சியும் தவிர்க்கும் நாள்களை மக்களே விரும்பி ஏற்கச் செய்தார். 1921 முதல் 1923 வரை உருசியப் பஞ்சத்தின்போது, பொதுவுடைமை ஆட்சியைத் தாம் வெறுத்தபோதிலும், அந்நாட்டு மக்களுக்கு உணவு அனுப்பினார். 1922இல் நாளொன்றுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அவ்வுணவை உண்டனர்.

இவ்வெற்றிகளால் ஹூவர் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. அரசின் ஆணையைக் காட்டிலும் தன்னார்வ ஒத்துழைப்பே உயர்ந்தது என்பதே அது. ஆனால் அப்பணிகளின் பின்னே அரசுகளின் பணம் இருந்தது. பெல்ஜிய நிவாரணச் செலவில் பெரும்பகுதியை நேசநாட்டு அரசுகளும் அமெரிக்க அரசுமே ஏற்றன. உருசிய நிவாரணத்திற்கு அமெரிக்கக் காங்கிரஸ் 2 கோடி டாலர் ஒதுக்கியது. தொண்டர்களின் உழைப்பு அவர் மனத்தில் நின்ற அளவுக்கு அரசுகளின் கருவூலம் நிற்கவில்லை. பின்னாளில் நேர்ந்த வீழ்ச்சியின் வேர் இங்கேயே இருந்தது எனலாம்.

உச்சியும் சரிவும்

1921 முதல் வணிகத்துறை அமைச்சராக விளங்கிய ஹூவர், 1927இல் மிசிசிப்பி ஆற்றில் பெருவெள்ளம் வந்தபோது நிவாரணப் பணியை நடத்தி மேலும் புகழ்பெற்றார். 1928இல் குடியரசுக் கட்சியின் வேட்பாளராகி, ஜனநாயகக் கட்சியின் ஆல் ஸ்மித்தை 444க்கு 87 என்னும் தேர்வாளர் வாக்குக் கணக்கில் வென்றார். அதற்குமுன் அவர் மக்கள் வாக்களித்து வரும் எப்பதவியையும் வகித்ததில்லை. எல்லாம் நியமனப் பதவிகளே. வாக்காளரின் மனநிலையை அறிந்து பேசும் பயிற்சி அவருக்கு வாய்க்கவே இல்லை. வறுமை ஒழியும் காலம் நெருங்கிவிட்டது என்னும் நம்பிக்கையை அத்தேர்தலில் அவர் ஊட்டினார். அந்நம்பிக்கையே பின்னர் அவருக்கு எதிராகத் திரும்பியது.

1929 மார்ச்சு 4இல் அவர் பதவியேற்றார். எட்டுத் திங்கள் நிறைவதற்குள், அக்டோபர் இறுதியில் நியூயார்க்குப் பங்குச் சந்தை சரிந்தது. செப்டம்பரில் 381ஆக இருந்த டௌ ஜோன்ஸ் குறியெண், 1932 ஜூலையில் 41ஆக வீழ்ந்தது.

ஹூவர் கைகட்டி வாளாவிருந்தார் என்பது உண்மையன்று. தொழிலதிபர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, கூலியைக் குறைக்க வேண்டா என வேண்டினார். பொதுப்பணிகளைப் பெருக்கினார். போர்க்கடன் தவணைகளை ஓராண்டுக்கு நிறுத்திவைக்க 1931இல் வழிசெய்தார். 1932இல் வங்கிகளுக்கும் இருப்புப்பாதை நிறுவனங்களுக்கும் கடன் வழங்கப் புனரமைப்பு நிதிக் கழகத்தை நிறுவினார். அவருக்கு முன்னிருந்த தலைவர் எவரும் பொருளாதார நலிவின்போது இத்துணை முயன்றதில்லை.

எனினும் தவறுகளும் நிகழ்ந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளியல் அறிஞர்கள் வேண்டாவென எழுதிக் கேட்டும், 1930இல் ஸ்மூட்-ஹாலி சுங்கவரிச் சட்டத்தில் கையொப்பமிட்டார். பிற நாடுகளும் எதிர்வரி விதிக்கவே, உலக வணிகம் மேலும் சுருங்கியது. வரவு செலவைச் சமன்செய்யக் கருதி, நலிவின் நடுவிலேயே 1932இல் வரிகளை உயர்த்தினார். 1931இல் மட்டும் 2,000க்கும் மேற்பட்ட வங்கிகள் மூடப்பட்டன. வைப்புத்தொகைக்கு நடுவண் அரசின் காப்பீடு இல்லாத காலம் அது. வாழ்நாள் சேமிப்பை ஒரே நாளில் இழந்த குடும்பங்கள் எண்ணற்றவை. 1932இல் வேலையற்றோர் தொகை ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சத்தை எட்டியது.

கையேந்தியோரும் கொள்கையும்

ஹூவரின் பெயரைக் கெடுத்ததில் நலிவைவிட நிவாரணம் பற்றிய அவரது நிலைப்பாட்டிற்கே பங்கு மிகுதி. நடுவண் அரசு ஏழைகளுக்கு நேரே உதவி வழங்கினால் அவர்களின் தன்மதிப்பும் ஊராரின் அறவுணர்வும் குன்றும் என அவர் உறுதியாக நம்பினார். 1930இல் கடும் வறட்சி வந்தது. விதைக்கும் கால்நடைத் தீவனத்திற்கும் உழவர்க்குக் கடன் தர இசைந்த அவர், மனிதர் உண்ணும் உணவுக்குப் பணம் ஒதுக்குவதை எதிர்த்தார். அது செஞ்சிலுவைச் சங்கத்தின் கடமை என்றார். கழுதைக்குத் தீவனம் உண்டு, உழவன் பிள்ளைக்குச் சோறு இல்லையா என்னும் கேள்வி நாடெங்கும் எழுந்தது. வங்கிகளுக்கு அரசு கடன் தந்தபோது அக்கேள்வி மேலும் கூர்மை பெற்றது. 1932 ஜூலையில் மாநிலங்களின் நிவாரணச் செலவுக்கு 30 கோடி டாலர் கடன் வழங்கும் சட்டத்திற்கு அவர் இசைந்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

மக்கள் தம் சினத்தைச் சொற்களில் வடித்தனர். வீடிழந்தோர் தகரத்தாலும் அட்டையாலும் அமைத்த குடிசைத் தொகுதி ஹூவர் ஊர் ஆயிற்று. போர்த்திக்கொண்ட பழைய செய்தித்தாள் ஹூவர் போர்வை ஆயிற்று. வெளியே இழுத்துவிட்ட வெறும் சட்டைப்பை ஹூவர் கொடி எனப்பட்டது. பெல்ஜியத்தில் வாழ்த்தப்பட்ட பெயர் தாய்நாட்டில் வறுமையின் அடைமொழியாயிற்று.

அவர் ஈரமற்ற நெஞ்சினர் அல்லர். தலைவர் பதவிக்குரிய ஊதியத்தை அறப்பணிகளுக்கே வழங்கினார். பலருக்குக் கமுக்கமாக உதவினார். ஆனால் அக்கொடை வெளியே தெரியவில்லை. தெரிந்தவை இறுகிய முகமும், புள்ளிவிவரம் நிறைந்த உரைகளுமே. ஆள்வோன் காட்சிக்கு எளியனாகவும் இன்சொல்லனாகவும் இருத்தல் வேண்டும் என்னும் அறநெறிக்கு, அவர்தம் வாழ்க்கை எதிர்மறைச் சான்றாயிற்று.

முன்னாள் வீரர்களும் தேர்தலும்

முதல் உலகப்போரில் பணியாற்றிய வீரர்களுக்கு 1945இல் தரப்பட வேண்டிய ஊக்கத்தொகையை முன்னதாகவே தரவேண்டும் எனக் கோரி, 1932 கோடையில் ஏறத்தாழ 20,000 பேர் வாஷிங்டனில் கூடினர். மனைவி மக்களுடன் அனகாஸ்டியா ஆற்றங்கரையில் குடிசையிட்டுத் தங்கினர். செனட் அவை கோரிக்கையை மறுத்தபின்னும் பலர் கலையவில்லை. ஜூலை 28இல் காவலர் சுட்டதில் முன்னாள் வீரர் இருவர் உயிரிழக்க நேர்ந்தது. ஹூவர் படையை அழைத்தார். தளபதி டக்ளஸ் மக்கார்தர் தமக்கு இடப்பட்ட ஆணையின் எல்லையை மீறி, ஆற்றைக் கடந்து குடியிருப்பையும் கலைத்தார். குடிசைகள் தீக்கிரையாயின. ஹூவர் தளபதியைப் பொதுவில் கண்டிக்கவில்லை. பழி முழுதும் அவர் தோள்மேலேயே விழுந்தது. நாட்டுக்காகப் போரிட்டவர்களின் குடிசைகள் எரியும் படங்களை மக்கள் தேர்தலுக்கு மூன்று திங்கள் முன்னர்க் கண்டனர்.

ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நியூயார்க்கு மாநில ஆளுநர். வேலையற்றோர்க்கு உதவ மாநில அளவில் அமைப்பு ஒன்றை ஏற்படுத்திக் காட்டியவர். அவர் திட்டங்கள் அப்போது முழு உருப்பெறவில்லை. அவர்தம் சொல்லிலும் முகத்திலும் இருந்த நம்பிக்கையே மக்களைக் கவர்ந்தது. மதுவிலக்கை நீக்குவதாக அவர் கட்சி தெளிவாகக் கூறிற்று. ஹூவரின் கட்சி தயங்கியது. 1932 நவம்பர் 8இல் ரூஸ்வெல்ட் 472 தேர்வாளர் வாக்குகளும் ஹூவர் 59 வாக்குகளும் பெற்றனர். நான்காண்டுகளில் ஹூவரின் வாக்கு விழுக்காடு 58இலிருந்து 40க்குச் சற்றுக் கீழே இறங்கியது.

தோல்விக்குப் பின்

ஆட்சி கைமாற அன்று நான்கு திங்கள் ஆகும். அவ்விடைக்காலத்தில் வங்கிகள் மேலும் நொறுங்கின. ஹூவர் கூட்டுநடவடிக்கைக்கு அழைத்தார். தம் கொள்கையை ஹூவரின் கொள்கையோடு பிணைத்துக்கொள்ள ரூஸ்வெல்ட் இசையவில்லை. 1933இல் கொலராடோ ஆற்று அணைக்கு இடப்பட்டிருந்த ஹூவரின் பெயரும் நீக்கப்பட்டது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின், ஜனநாயகக் கட்சியினரான தலைவர் ட்ரூமன் அவரை மீண்டும் அழைத்தார். 71 வயதில், 1946இல், உணவு நிலையை ஆராய இந்தியா உள்ளிட்ட 38 நாடுகளுக்கு ஹூவர் சென்றார். 1947 முதல் செருமனியில் பள்ளிப் பிள்ளைகள் இலட்சக்கணக்கில் உணவு பெற்றது அவர் முயற்சியால் விளைந்த பயனே. அவ்வாண்டே அணைக்கு அவர் பெயர் மீண்டும் சூட்டப்பட்டது. அரசு நிருவாகச் சீர்திருத்த ஆணையங்கள் இரண்டிற்கும் அவர் தலைமை தாங்கினார். 1964 அக்டோபர் 20இல், 90ஆம் வயதில் மறைந்த அவர், பிறந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

பொருளாதாரத் தளர்ச்சி பதவியில் இருப்போரைப் பலமுறை வீழ்த்தியுள்ளது. 1980இல் ஜிம்மி கார்ட்டரின் தோல்விக்கும், 1992இல் மூத்த ஜார்ஜ் புஷ்ஷின் தோல்விக்கும் அது ஒரு காரணமாயிற்று. ஹூவருக்கோ, உலகளாவிய நலிவோடு கொள்கைப் பிடிவாதமும் சேர்ந்தது. சந்தையின் சரிவுக்கு அவரைப் பொறுப்பாக்கியது முழு நீதி ஆகாது. ஆயினும் பசித்தவன் கேட்டது காரணத்தை அன்று, உணவை. பெல்ஜியத்தில் அதனை யாரினும் நன்கு உணர்ந்திருந்த ஹூவர், தம் நாட்டில் உதவியின் தேவையை ஒப்பிய பின்னும், அது யார் கையால் வரவேண்டும் என்னும் வினாவிலேயே நின்றுவிட்டார். வாக்காளர் அவ்வினாவுக்காகக் காத்திருக்கவில்லை.