ஒரு வெள்ளி கொடுத்தவர்களுக்காகக் கணக்குக் கேட்ட தமிழவேள்

கேமரன் மலையில் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் வீண் பேச்சு இருக்காது. மூட்டை தராசில் ஏறியதும் கண்கள் எல்லாம் முள்ளின் மேல்தான். முள் காட்டிய எடையைத்தான் கிராணி புத்தகத்தில் எழுதினாரா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டே அடுத்தவருக்கு வழிவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்த எண் மட்டும் தெரியும். அது அரிசிக்கான எண்.

கணக்கில் இவ்வளவு கவனமான தோட்டப்புற மக்களிடமும் நகரத்துத் தமிழர்களிடமும் 1950களில் ஒரு பத்திரிகையாசிரியர் ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். அது கோயிலுக்கோ கட்சிக்கோ அல்ல, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்பதற்காக. கேட்டவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி.

1903ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்த சாரங்கபாணி, 1924இல் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். வந்த புதிதில் கணக்கெழுதும் வேலைதான் அவருக்குச் சோறு போட்டது. பேரேட்டில் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று எழுதிய அந்தக் கைப்பழக்கம் பிற்காலத்தில் அவர் பொதுக்காரியங்களை நடத்திய விதத்திலும் தெரிகிறது. 1929இல் பெரியார் மலாயாவுக்கு வந்து சென்றதை ஒட்டி எழுந்த சீர்திருத்த அலை அவரையும் இழுத்துக்கொண்டது. 'முன்னேற்றம்' இதழில் எழுதினார், தமிழர் சீர்திருத்தச் சங்கத்தில் உழைத்தார். 1935 ஜூலையில் 'தமிழ் முரசு' பிறந்தது. வார இதழாகத் தொடங்கி விரைவிலேயே நாளிதழானது. சாதி பார்க்கக்கூடாது என்று ஏட்டில் எழுதியவர், தம் வாழ்க்கையில் சீனப் பெண்ணை மணந்துகொண்டார். அந்தக் காலத்தில் அது சிறிய செய்தியல்ல.

போருக்குப் பின் 1949 அக்டோபரில், ராஃபிள்ஸ் கல்லூரியையும் ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரியையும் இணைத்து, சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் உருவானது. சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் அதுவே பொதுவான ஒரே பல்கலைக்கழகம். அதில் இந்தியவியல் துறை ஒன்று தொடங்கும் பேச்சு வந்தபோது, அங்கே முதன்மையாகக் கற்பிக்கும் மொழி எது என்ற கேள்வியும் வந்தது. ஆலோசனை சொல்ல அழைக்கப்பட்டவர் சோழர் வரலாற்றை எழுதிய பேராசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி. அவருடைய பரிந்துரை சமஸ்கிருதத்தின் பக்கம் சாய்ந்தது. அதற்கு அறிவுலகக் காரணம் இல்லாமல் இல்லை. தென்கிழக்காசியாவின் பழைய கல்வெட்டுகள் பலவும் சமஸ்கிருதத்தில்தான் இருக்கின்றன. சாஸ்திரியை வெறும் தமிழ்ப் பகைவராக மட்டும் காட்டும் மேடைப் பேச்சுகள் இந்த நியாயத்தை மறைத்துவிடுகின்றன.

ஆனால் சாரங்கபாணி எழுப்பிய கேள்வி வேறு. இந்த முடிவை எடுப்பது யார், யாரைக் கேட்டு எடுக்கிறார்கள் என்பதே அது. மலாயாவில் வாழ்ந்த இந்தியர்களில் பெரும்பான்மையினர் தமிழர்கள். அரசாங்கத்தின் கருவூலத்தை நிரப்பியவை ரப்பரும் ஈயமும். அந்த ரப்பரின் பின்னால் இருந்தவை பால்மரம் வெட்டிய தமிழரின் கைகள். அப்படிப்பட்ட வருமானத்தில் நடக்கும் பல்கலைக்கழகம், அந்த மக்களின் மொழியை ஓர் ஆலோசகரின் அறிக்கையை வைத்து ஒதுக்கிவிட முடியுமா? பட்டம் பெறாத ஒருவர் பட்டம் கொடுக்கும் நிலையத்திடம் விளக்கம் கேட்டார். ஏட்டில் நாள்தோறும் அது முழங்கியது. சங்கங்கள் சேர்ந்துகொண்டன, கூட்டங்கள் நடந்தன.

கோரிக்கையோடு அவர் நிற்கவில்லை என்பதுதான் இந்த வரலாற்றின் முக்கியமான பகுதி. தமிழ் வேண்டும் என்று கேட்பவர்கள் அதற்குக் கையும் கொடுக்க வேண்டும் என்று 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் தொடங்கினார். ஆளுக்கு ஒரு வெள்ளி போதும். பெரிய செல்வரிடம் ஒரே காசோலையாக வாங்கியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பணம் ஒருவருடைய பெயரில் நின்றிருக்கும். ஆயிரம் பேர் கொடுத்த ஆயிரம் வெள்ளிக்கு ஆயிரம் பேர் கணக்குக் கேட்க முடியும், வசூலித்தவரையும் சரி, வாங்கிக்கொண்ட பல்கலைக்கழகத்தையும் சரி.

அது அவசரகாலம். சாலைகளில் சோதனை, தோட்டங்களைச் சுற்றி வேலி, அரிசிக்குக் கட்டுப்பாடு. நாட்கூலி வாங்கும் குடும்பத்துக்கு ஒரு வெள்ளி சின்னத் தொகை இல்லை. லயத்தில் ஒருவர் வாங்கும் பத்திரிகையைப் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்ட காலம் அது. பல்கலைக்கழகத்தின் வாசலைக் கனவிலும் மிதிக்காதவர்கள், தங்கள் பிள்ளைகளாவது மிதிக்கட்டும் என்று கொடுத்தார்கள். திரண்ட நிதி பல்கலைக்கழகத்தில் தமிழ் நூலகம் அமையத் துணையானது. 1956இல் இந்தியவியல் துறை தொடங்கியபோது தமிழ் அதன் நடுவில் இருந்தது.

இதே ஆண்டுகளில் அவர் இன்னொரு வேலையையும் செய்தார். குடியுரிமைக்கு மனுச் செய்யுங்கள், காலம் கடத்தாதீர்கள் என்று தமிழர்களை ஏட்டின் வழி விரட்டிக்கொண்டே இருந்தார். 1952 முதல் தமிழர் திருநாளை முன்னின்று நடத்தினார். மாணவர் மணிமன்றம் கண்டார். இவற்றைப் பற்றித் தனித்தனியே எழுத எவ்வளவோ உண்டு.

கணக்கு அவர் வாசலுக்கும் வந்தது. 1963இல் தமிழ் முரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏடு ஏறத்தாழ ஓராண்டு நின்றுபோனது. பாட்டாளிகளுக்காகப் பேசிய ஆசிரியரிடம் சொந்த அச்சுக்கூடத்துப் பாட்டாளிகளே நியாயம் கேட்டு நின்ற அந்த ஆண்டைப் பாராட்டு விழாக்களில் யாரும் பேசுவதில்லை. பேசினால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது. பல்கலைக்கழகமே பதில் சொல்ல வேண்டும் என்றவருக்கு, முதலாளி என்ற முறையில் தாமும் பதில் சொல்லவேண்டிய நாள் வந்தது, அவ்வளவுதான். ஏடு மீண்டும் வெளிவந்தது. ஆனால் பழைய வலுவை மீட்க அவர் படாதபாடு பட்டார்.

இதற்கிடையில் பல்கலைக்கழகம் கோலாலம்பூரிலும் வேரூன்ற, இந்தியவியல் துறையும் அங்கே போய்ச் சேர்ந்தது. 1961இல் தனிநாயகம் அடிகள் துறைத்தலைவரானார். 1966 ஏப்ரலில் முதலாம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது. அறிஞர்கள் பல நாடுகளிலிருந்து வந்தார்கள். அந்த மாநாட்டுக்குத் தரை போட்டுக் கொடுத்தவர்களில் பெயர் தெரியாத ஒரு வெள்ளிக்காரர்களும் உண்டு.

சாரங்கபாணி 1974 மார்ச்சில் காலமானார்.

கேமரன் மலையிலிருந்து இறங்கி மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போகும் தோட்டத்துப் பிள்ளைக்கு, லெம்பா பந்தாய் வளாகத்து நூலகத்தில் தமிழ் நூல்கள் காத்திருக்கின்றன. எடுக்கவும் படிக்கவும் யாரிடமும் தயங்க வேண்டியதில்லை. அதற்கான பணத்தில் ஒரு பங்கை அந்தப் பிள்ளையின் பாட்டன் பாட்டி காலத்தவர்களே கட்டிவிட்டார்கள்.