10-1 தோல்விக்குப் பிறகும் ஒரு கோச்சை வைத்திருக்கலாமா? இந்தியக் கால்பந்தின் ரஹீம் சாப் கதை

நாவலூர், சிறுசேரி பக்கம் ராத்திரி பத்து மணிக்குப் போனாலும் ஏதாவது ஒரு டர்ஃபில் லைட் எரியும். ஷிஃப்ட் முடிந்து வந்த ஐடி பசங்க ஃபைவ்ஸ் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் டீக்கடையில் பேச்சு ஐஎஸ்எல், பிரீமியர் லீக் என்று போய் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: கோச்சை மாத்தணுமா, வேணாமா? மூணு மேட்ச் தோற்றால் போதும், தீர்ப்பு தயார்.

இந்தத் தீர்ப்பை 1952-லேயே எழுதியிருந்தால், இந்தியக் கால்பந்தின் ஆகச் சிறந்த பத்தாண்டு நடந்தே இருக்காது. அந்தப் பத்தாண்டின் கோச், சையது அப்துல் ரஹீம். ஹைதராபாத்காரர், 1909-ல் பிறந்தவர், பள்ளி ஆசிரியர். எல்லாருக்கும் ரஹீம் சாப். 2024-ல் அஜய் தேவ்கன் நடித்த மைதான் படத்தின் நாயகன் இவர்தான்.

<b>முதலில் ஊர் அணி</b>

ரஹீமின் பெயர் பரவியது ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியால். அன்றைக்கு இந்தியக் கால்பந்து என்றால் கல்கத்தாதான்; மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் தவிர வேறு பேச்சே கிடையாது. அந்தக் காலத்தில் சிட்டி போலீஸ் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. டூரண்ட் கோப்பையும் ரஹீம் காலத்தில் நான்கு முறை வந்தது.

இதற்குப் பின்னால் இருந்த வேலை சுவாரசியமானது. நம் ஊர்ப் பசங்களுக்குப் பந்து கிடைத்தால் நாலு பேரை ஏமாற்றிவிட்டுத்தான் பாஸ் பண்ணத் தோன்றும். இன்றைக்கும் அப்படித்தான். ரஹீம் அட்வைஸ் பண்ணிக்கொண்டு இருக்கவில்லை. டிரிபிளிங்கே கூடாது என்று விதி போட்டுப் போட்டிகள் நடத்தினார். பலவீனமான காலால் மட்டும் ஆட வேண்டும் என்றும் போட்டி வைத்தார். வலது கால் பழக்கக்காரன் இடது காலால்தான் பந்தைத் தொட வேண்டும். அடுத்த வாரம் உங்கள் டர்ஃபில் பத்து நிமிடம் இதை முயன்று பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று புரியும்.

ஆள் தேடுவதிலும் அவருக்குத் தனிக் கண். செகந்திராபாத்தின் ஏழைத் தமிழ்க் குடும்பத்துப் பையன் துளசிதாஸ் பலராம். பயிற்சிக்கு வந்துபோகக் கையில் காசில்லை. வாடகை சைக்கிளுக்கு ரஹீம் தினம் ஒரு ரூபாய் கொடுத்து வரவழைத்தார். அந்தப் பையன் பின்னால் இரண்டு ஒலிம்பிக்ஸ் ஆடினான்.

<b>ஹெல்சிங்கி: அந்த 10-1</b>

1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என வென்று இந்தியா தங்கம் வாங்கியது. ரஹீம்தான் கோச். ஊரே கொண்டாடியது. அடுத்த வருஷமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸில் யூகோஸ்லாவியா 10-1 என்று துவைத்து எடுத்தது. நம் ஆட்டக்காரர்களில் பலர் அந்தக் குளிரிலும் வெறுங்காலோடு ஆடினார்கள். உள்ளூர் ஆட்டங்கள் 90 நிமிடத்தைவிடக் குறைவு என்பதால் முழு ஆட்டத்துக்கான மூச்சும் இல்லை.

இப்படி ஒரு ஸ்கோர் இன்றைக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஆனால் அந்தத் தோல்விதான் சில விஷயங்களை உடைத்தது. பூட்ஸ் கட்டாயமானது. ரஹீம் ஆட்ட அமைப்பையே மாற்றத் தொடங்கினார். முன்னால் ஐந்து பேரை நிறுத்தி ஓடும் பழைய பாணியை விட்டு, சென்டர் ஃபார்வர்டைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். ஹங்கேரி அணி அப்போது உலகையே அசத்திக்கொண்டிருந்த பாணி அது. பிறகு 4-2-4 வந்தது.

<b>ஸ்கோரை எப்படிப் படிப்பது?</b>

கோப்பையை மட்டும் எண்ணினால் 1951-க்கும் 1962-க்கும் நடுவே தேசிய அணியிடம் காட்ட ஒன்றும் பெரிதாக இல்லை. நாலாவது இடம், குழுச் சுற்றோடு வெளியே, இப்படித்தான் போகும். அதனால் வேறு கணக்குப் போட வேண்டும்: அதே எதிரணியோடு அடுத்த முறை என்ன ஆனது?

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ். ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று வீழ்த்தினார்கள். நெவில் டிசூசா மூன்று கோல். ஒலிம்பிக்ஸில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் அவர். அரையிறுதியில் மறுபடி அதே யூகோஸ்லாவியா. இரண்டாம் பாதியில் முதல் கோல் போட்டது இந்தியா! கடைசியில் 4-1 தோல்விதான். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் 3-0 தோல்வி. ஆனால் பத்து கோல் வாங்கிய இடத்திலிருந்து நான்கே ஆண்டில் ஒலிம்பிக் நாலாவது இடம்.

1960 ரோம் இன்னும் நல்ல உதாரணம். பட்டியலைப் பார்த்தால் ஒரு வெற்றிகூட இல்லை. ஆட்டங்களைப் பாருங்கள்: ஹங்கேரியிடம் 2-1 என்றுதான் தோல்வி. 1948-ல் நம்மை 2-1 என்று வீட்டுக்கு அனுப்பிய பிரான்ஸோடு 1-1 டிரா, அதுவும் பி.கே.பானர்ஜி கோலால் முன்னிலை பெற்ற பிறகு. பெருவிடம் மட்டும் 3-1. என்னைக் கேட்டால், ரஹீமின் அணி எந்த அளவுக்கு வளர்ந்திருந்தது என்பதற்குத் தங்கத்தைவிட ரோம்தான் சாட்சி.

அவர் ஹைதராபாத் பசங்களுக்கே இடம் கொடுக்கிறார் என்ற முணுமுணுப்பு கல்கத்தாவில் இருந்தது. 1956, 1960, 1962 மூன்றிலும் கேப்டன்கள் யார்? சமர் பானர்ஜி, பி.கே.பானர்ஜி, சுனி கோஸ்வாமி. மூவருமே கல்கத்தா கிளப் ஆட்டக்காரர்கள்.

<b>ஜகார்த்தா, 1962</b>

ஜகார்த்தா போகும்போதே ரஹீமின் உடம்பு நன்றாக இல்லை. நுரையீரல் புற்றுநோய். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றாலும், தடுப்பாட்டத் தூண் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடி, தையல்.

வெளியே சூழலும் மோசம். இஸ்ரேல், தைவான் அணிகளை இந்தோனேசியா அனுமதிக்காததை இந்திய அதிகாரி ஜி.டி.சோந்தி எதிர்த்ததால் ஊரே நம் மீது கோபத்தில் இருந்தது. இந்தியத் தூதரகத்தைக் கூட்டம் தாக்கியது.

ரஹீம் அங்கே எடுத்த முடிவுகள் துணிச்சலானவை. தலையில் கட்டோடு இருந்த ஜர்னைலை வெளியே உட்கார வைக்கவில்லை. டிஃபெண்டரான அவரை ஃபார்வர்டாக இறக்கினார். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக அவர் ஒரு கோல் அடிக்க, 3-2 வெற்றி. ஃபைனலுக்குக் கோல்கீப்பரையும் மாற்றினார். காய்ச்சலிலிருந்து எழுந்த பீட்டர் தங்கராஜ் உள்ளே வந்தார். நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்து அணியில் ஆடி, அதற்கு டூரண்ட் கோப்பை வாங்கித் தந்தவர் இவர்.

செப்டம்பர் 4. செனயான் மைதானத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர், இந்தியாவுக்கு எதிராக ஊளையிட்டபடி. நமக்காகக் கைதட்டியவர்களில் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்களும் இருந்தார்கள் என்று சொல்வார்கள். எதிரே பத்து நாளைக்கு முன் நம்மைத் தோற்கடித்த அதே தென் கொரியா. பி.கே. ஒன்று, ஜர்னைல் ஒன்று. 2-1, தங்கம்.

<b>அதன் பிறகு</b>

ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11 அன்று ரஹீம் இறந்தார். வயது 53.

அவர் விட்டுப்போன ஆட்டக்காரர்கள் பலரோடு இந்தியா 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் பிடித்தது. 1966 ஆசிய விளையாட்டில் குழுச் சுற்றோடு வெளியேறியது. ஒலிம்பிக் கால்பந்தில் ரோமுக்குப் பிறகு இந்தியா ஆடவே இல்லை. ஆசிய விளையாட்டுத் தங்கமும் திரும்ப வரவில்லை. கடைசியாக வந்தது 1970 பாங்காக் வெண்கலம். அந்த அணியின் பயிற்சியாளர்களில் ஒருவர் ரஹீமின் பழைய ஆட்டக்காரர் பி.கே.பானர்ஜி.