36 ஆண்டுகளுக்குப் பிறகு சீமை திரும்பிய பென்னிகுயிக்: அதன்பின் என்ன ஆனார்?

பொங்கல் சமயத்தில் தேனி மாவட்டத்துக்குப் போனால், லோயர் கேம்ப், பாலார்பட்டி பக்கமெல்லாம் ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயருக்கு மாலை போட்டுப் பொங்கல் வைப்பதைப் பார்க்கலாம். அவர்தான் கர்னல் ஜான் பென்னிகுயிக், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டியவர். ஜனவரி 15 அவருடைய பிறந்தநாள்.

அவர் அணை கட்டிய கதை கம்பம் பள்ளத்தாக்கில் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட தெரியும். ஆனா, அணையைத் திறந்த பிறகு அவர் எங்கே போனார், என்ன செய்தார் என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது. வாங்க, அந்தக் கதையைப் பார்க்கலாம்.

அவருக்குச் சொந்த ஊர் எது?

இதுவே கொஞ்சம் சிக்கலான கேள்விதான். பென்னிகுயிக் 1841-ல் பிறந்தது இங்கிலாந்தில் இல்லை, நம்ம புனேயில். அப்பாவும் ராணுவ அதிகாரி. 1849 ஜனவரி 13-ல் பஞ்சாபில் நடந்த சிலியன்வாலா போரில் அப்பா கொல்லப்பட்டார். அதே நாளில், அதே களத்தில் 17 வயது அண்ணன் அலெக்சாண்டரும் இறந்தார். அடுத்த இரண்டு நாளில் பென்னிகுயிக்குக்கு எட்டு வயது முடிந்தது.

பிறகு இங்கிலாந்தில் படிப்பு. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அதிகாரிகளைத் தயார் செய்த அடிஸ்கோம்ப் ராணுவக் கல்லூரியில் பயிற்சி. மெட்ராஸ் இன்ஜினீயர்ஸ் பிரிவில் சேர்ந்து 1860-ல் இந்தியா வந்து இறங்கும்போது வயது 19. நடுவில் அபிசீனியப் படையெடுப்புக்குப் போய் வந்தார். மற்றபடி அவருடைய வேலைக்காலம் பெரும்பாலும் மெட்ராஸ் மாகாணப் பொதுப்பணித் துறையில்தான் கழிந்தது. 1879-ல் கிரேஸ் ஜார்ஜினா என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். ஐந்து பெண்கள், ஒரு பையன்.

ஆக, இங்கிலாந்து அவருக்குச் சின்ன வயதில் படிக்கப் போன இடம். வளர்ந்து, வேலை பார்த்து, குடும்பம் நடத்தியது எல்லாம் இங்கேதான்.

அப்படி என்ன செய்தார் இங்கே?

மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்றை மலைமேல் தடுத்து, கிழக்குப் பக்கம் திருப்புவதுதான் திட்டம். யோசனை புதுசு இல்லை. ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 18-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதற்காக ஆட்களை மலைக்கு அனுப்பினார். பிறகு ஆங்கிலேய அதிகாரிகள் பலரும் ஆய்வு செய்தார்கள், எதுவும் நடக்கவில்லை. 1876-78 பெரும் பஞ்சத்துக்குப் பிறகுதான் அரசு இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது. பென்னிகுயிக் 1882-ல் பொறுப்பேற்றுத் திட்டத்தைத் தயாரித்தார்.

திருவிதாங்கூருடன் 1886-ல் 999 ஆண்டு குத்தகை ஒப்பந்தம் போடப்பட்டது. 1887-ல் வேலை ஆரம்பம். காட்டு வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளை அடித்துக்கொண்டு போனது. மலேரியாவும் மற்ற நோய்களும் நூற்றுக்கணக்கான தொழிலாளர்களைப் பலி வாங்கின. கடைசியில் சுண்ணாம்பு, சுர்க்கி கலவையில் அணை எழுந்தது. மலையைக் குடைந்து சுமார் 5,700 அடி நீளச் சுரங்கம் வெட்டினார்கள். 1895 அக்டோபர் 10-ல் மெட்ராஸ் கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார்.

தேனி மாவட்டத்தில் 14,707 ஏக்கர் இருபோக நெல் சாகுபடிக்கு இன்றைக்கும் இந்தத் தண்ணீர்தான் ஆதாரம். மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களுக்கும் பயன்படுகிறது.

சீமைக்குப் போன பிறகு?

அணை திறந்த மறுவருஷமே, 1896-ல் பென்னிகுயிக் இந்தியாவை விட்டுக் கிளம்பினார். 36 ஆண்டுகள் ஆகியிருந்தன, வயது 55.

அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து ஓய்வுபெற்றுத் திரும்பிய ஆங்கிலேய அதிகாரிகளுக்கு இங்கிலாந்து வாழ்க்கை லேசாக இருக்கவில்லை. இங்கே பங்களா, வேலைக்காரர்கள், எங்கே போனாலும் சலாம். அங்கே போனால் பென்ஷன் வாங்கும் இன்னொரு ஆள், அவ்வளவுதான். குளிர் வேறு. விலைவாசி வேறு. சொந்தக்காரர்களே பாதி பேருக்கு அடையாளம் தெரியாது. வளைகுடாவில் இருபது வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களுக்கு இது நன்றாகவே புரியும். இப்போது இதை 'ரிவர்ஸ் கல்ச்சர் ஷாக்' என்கிறோம்.

பென்னிகுயிக் இதை எப்படிச் சமாளித்தார்? அவருடைய அடுத்த சில வருஷங்களைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. அவர் ஊர் திரும்பினாலும் வேலை இந்தியாவை விட்டு நகரவில்லை.

1896-ல் கூப்பர்ஸ் ஹில்லில் இருந்த ராயல் இந்தியன் இன்ஜினீயரிங் கல்லூரியின் தலைவரானார். இந்தியப் பொதுப்பணித் துறைக்கு இன்ஜினீயர்களைத் தயார் செய்ய 1871-ல் தொடங்கிய கல்லூரி அது. 19 வயதில் தான் கப்பல் ஏறியது மாதிரி, இந்தியாவுக்குக் கிளம்பக் காத்திருக்கும் இளைஞர்களுக்கு நடுவில் மூன்று வருஷம் இருந்தார். 1897-ல் லண்டன் சிவில் இன்ஜினீயர்கள் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். தலைப்பு வேறென்ன, பெரியாற்றைத் திருப்பிய கதைதான்.

1899-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து அழைப்பு வந்தது. 1893 வெள்ளத்தில் பிரிஸ்பேன் நகரம் மூழ்கிப் போயிருந்தது. அந்த ஆற்று வெள்ளத்தைக் கட்டுப்படுத்த என்ன செய்யலாம் என்று குயின்ஸ்லாந்து அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அதே ஆண்டுதான் மகன் பிறந்தான். அந்த மகன் பின்னாளில் இங்கிலாந்தில் நீதிபதியானார்.

அதன்பிறகு சர்ரே மாவட்டத்தில் உள்ள கேம்பர்லியில் குடியிருந்தார். ராணுவக் கல்லூரிகளுக்குப் பக்கத்து ஊர் என்பதால் ஓய்வுபெற்ற அதிகாரிகள் நிறையப் பேர் அங்கே இருந்தார்கள். அவரும் அவர்களில் ஒருவர். 1911 மார்ச் 9-ல், 70 வயதில் இறந்தார். ஃபிரிம்லியில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்தில் அடக்கம்.

சொத்தை விற்று அணை கட்டினார் என்பது உண்மையா?

பாதியில் பணம் நின்றுபோனதால் பென்னிகுயிக் இங்கிலாந்து போய், சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்றுப் பணத்தோடு திரும்பி வந்து அணையை முடித்தார் என்று கம்பம் பள்ளத்தாக்கில் சொல்வார்கள். இதற்கு ஆவண ஆதாரம் இல்லை என்று வரலாற்று ஆய்வாளர்கள் மறுக்கிறார்கள். அணை கட்டியது மெட்ராஸ் அரசின் பணத்தில். அவர் அரசுச் சம்பளம் வாங்கிய காலனிய அதிகாரி.

ஆனா, இந்தக் கதையில் ஒரு விஷயத்தைக் கவனியுங்க. கதையில் அவர் சீமைக்குப் போவது விற்றுவிட்டு வர மட்டும்தான். அவர் திரும்பி வரும் ஊர் எது? இந்தப் பள்ளத்தாக்குதான். நிஜத்தில் ஊரைப் பார்க்கக் கிளம்பிப்போன மனுஷனை, மக்கள் தங்கள் கதையில் இந்தப் பக்கம் திருப்பிக் கூட்டி வந்துவிட்டார்கள்.

கல்லறையைத் தேடிப் போனவர்கள்

இங்கிலாந்தில் அவரை யாரும் பெரிதாக நினைவில் வைத்திருக்கவில்லை. நூறு வருஷத்தில் கல்லறையும் கவனிப்பாரின்றிப் போனது. அதைத் தேடிக் கண்டுபிடித்துப் பராமரிக்க முயற்சி எடுத்தவர், லண்டனில் வாழும் உத்தமபாளையத்துக்காரர் ஒருவர்.

இங்கே 2013 ஜனவரி 15-ல் லோயர் கேம்பில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனி புதிய பேருந்து நிலையத்துக்கும் அவர் பெயர்தான். பிள்ளைகளுக்கே பென்னிகுயிக் என்று பெயர் வைத்த வீடுகளும் உண்டு.

2022 செப்டம்பரில் கேம்பர்லியில் அவருக்குச் சிலை திறக்கப்பட்டது. அவர் கடைசிக் காலத்தைக் கழித்த அந்த ஊரில், இறந்து 111 வருஷம் கழித்து அந்தச் சிலையை வைத்தது தமிழ்நாடு அரசு.